புதுச்சேரியில் இகெபானா: எங்கள் பூக்குழுவிடம் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மாதத்தின் இரண்டாவது ஞாயிறு காலை, முத்தியால்பேட்டையில் ஒரு பழைய வீட்டுத் திண்ணையில் நாங்கள் சிலர் கூடுகிறோம். ஜப்பானிய முறையில் பூ வைக்கப் பழகுகிறோம். தெருவில் போகிறவர்கள் நின்று பார்ப்பார்கள், கேள்வி கேட்பார்கள். ஒரே கேள்விகள் திரும்பத் திரும்ப வருவதால் பதில்களை இங்கே எழுதி வைக்கிறோம்.

இகெபானா என்றால் என்ன?

பூ வைக்கும் ஜப்பானியக் கலை. 'இகேரு' என்றால் உயிரோடு வைப்பது, 'ஹனா' என்றால் பூ. இரண்டும் சேர்ந்து இகெபானா ஆனது. 'கதோ' என்றும் சொல்வார்கள். பூவின் வழி என்று அதற்குப் பொருள்.

புத்தர் சந்நிதியில் பூ படைத்ததுதான் இதற்கு வேர். பௌத்தம் 6-ஆம் நூற்றாண்டில் கொரியா வழியாக ஜப்பானுக்குப் போனபோது அந்த வழக்கமும் கூடவே போனது. கியோத்தோ நகரில் ரொக்காகுதோ என்று ஒரு கோயில் இருக்கிறது. அங்கே குளக்கரைக் குடிலில் தங்கிய துறவிகள் தலைமுறை தலைமுறையாகப் பூ வைத்து வந்தார்கள். இகெனோபோ என்ற சொல்லுக்கே குளக்கரைக் குடில் என்றுதான் அர்த்தம். 1462-இல் இகெனோபோ சென்கெய் என்ற துறவி பூ வைத்ததைப் பார்க்க ஊர் மக்கள் போட்டி போட்டுக்கொண்டு வந்ததாக அந்தக் காலத்து நாட்குறிப்பு ஒன்றில் இருக்கிறது. இகெனோபோ பள்ளி இன்றைக்கும் அதே இடத்தில் நடக்கிறது.

நம்மிடம் இல்லாத பூவா? இதை ஏன் ஜப்பானிடம் கற்க வேண்டும்?

அதிகம் வருவது இந்தக் கேள்விதான், நியாயமான கேள்வியும்கூட. நிலத்துக்கே பூவின் பெயரை வைத்தவர்கள் நாம். அரும்பு, மொட்டு, முகை, மலர், அலர், வீ, செம்மல் என்று பூவின் ஒவ்வொரு வயதுக்கும் ஒரு சொல் வைத்திருக்கிறோம். தொடுப்பது, கட்டுவது, கோப்பது, பின்னுவது என்று கைவேலைகளும் நிறைய. பெரிய மார்க்கெட்டில் பூக்கட்டும் அம்மாக்களின் விரல் வேகத்துக்கு உலகத்தில் ஈடு கிடையாது.

ஆனால் கவனித்துப் பாருங்கள், அத்தனையிலும் பூ மட்டும்தான் இருக்கும், காம்பு இருக்காது. மல்லியை அரும்பாகக் கிள்ளுகிறோம். சாமந்தியைத் தலையோடு கொய்கிறோம். அரளியை உதிரியாக அள்ளுகிறோம். அது எந்தக் கிளையில், எந்தப் பக்கம் வளைந்து, எந்த வெளிச்சத்தைப் பார்த்து நின்றது என்பது செடியோடேயே நின்றுவிடுகிறது. இகெபானா அந்தக் காம்பிலிருந்து தொடங்குகிறது. எங்களில் பலர் பூவையே முப்பது, நாற்பது வருடம் பார்த்துவிட்டு, இங்கே வந்த பிறகுதான் காம்பைப் பார்த்தோம்.

இன்னொன்றும் இருக்கிறது. ஜப்பானியர்கள் 'மா' என்று ஒரு சொல் சொல்வார்கள். இரண்டு பொருளுக்கு நடுவே வேண்டுமென்றே விட்ட இடம். இரண்டு கிளைக்கு நடுவில் இருக்கும் காற்றும் அந்தப் பூவைப்பில் ஒரு பங்கு. அந்த இடத்தை நிரப்பிவிட்டால் கிளை கிளையாகவே தெரியாது.

இது நமக்கு முற்றிலும் புதிது என்றும் சொல்லிவிட முடியாது. மார்கழி விடியலில் வாசல் கோலத்தைப் பாருங்கள். பெரிய வெள்ளைக் கோலம், நடுவில் ஒரே ஒரு சாண உருண்டை, அதன் தலையில் நிமிர்ந்து நிற்கும் ஒரே ஒரு பூசணிப்பூ. சுற்றிலும் வெறும் தரை. அந்த உருண்டை செய்கிற வேலையைத்தான் ஜப்பானில் கென்ஸான் என்ற ஊசிப்பலகை செய்கிறது. பொங்கலுக்குக் காப்புக் கட்டும் ஊர்களில் வேப்பிலை, ஆவாரம்பூ, பூளைப்பூ மூன்றையும் காம்போடு கொத்தாக்கிக் கூரையில் செருகுவார்கள். அதையும் புது ஆட்களுக்கு நாங்கள் சொல்வதுண்டு. கண் நம்மிடம் ஏற்கெனவே இருக்கிறது.

பொக்கேக்கும் இதற்கும் என்ன வித்தியாசம்?

பொக்கே எல்லாப் பக்கமும் நிறைந்திருக்கும், கையில் கொடுப்பதற்கு ஏற்றது. இகெபானாவில் பொருள் குறைவு, ஒவ்வொரு கிளையும் தனித்தனியாகத் தெரியும், பெரும்பாலும் முன்பக்கம் என்று ஒன்று இருக்கும். கொடுப்பதற்குச் செய்வதில்லை. ஓர் இடத்தில் நிறுத்துவதற்குச் செய்வது.

உருளியில் தண்ணீர் ஊற்றிப் பூ மிதக்க விடுகிறோமே, அதுவும் இகெபானாதானே?

அது நம் வீட்டு அழகு, அதற்கென்று தனி மரியாதை உண்டு. ஆனால் அதிலும் பூ காம்பில்லாமல்தான் மிதக்கிறது. அதே உருளியில் ஓர் ஓரமாக ஊசிப்பலகையை வைத்து ஒரு கிளையும் இரண்டு பூவும் நிறுத்தி, மீதித் தண்ணீரை வெறுமனே விட்டுப் பாருங்கள். கோடையில் அந்தத் தண்ணீர்ப் பரப்பைப் பார்த்தாலே குளிர்ச்சியாக இருக்கும். ஜப்பானிலும் வெயில் காலத்தில் தண்ணீர் நிறையத் தெரியும்படிதான் வைப்பார்கள்.

வகுப்பில் என்ன நடக்கும்?

காலை ஏழரைக்கு வந்துவிட வேண்டும். வெயில் ஏறினால் பூவும் வாடும், நாமும் வாடுவோம். முதல் அரை மணி நேரம் வெட்டும் வேலை கிடையாது. கொண்டுவந்த கிளையைக் கையில் பிடித்துச் சுற்றிச் சுற்றிப் பார்ப்பதுதான். இலைக்கு முகம் எது, முதுகு எது, எந்த வளைவு அதற்கு இயல்பு என்று பார்க்கிறோம். அப்புறம் ஒருவர் செய்து காட்டுவார், மற்றவர்கள் செய்வோம். கடைசியில் ஒவ்வொன்றின் முன்னாலும் உட்கார்ந்து பேசுவோம். குறை சொல்லலாம், ஆனால் அடுத்தவர் வைத்ததில் கை வைப்பதற்கு முன் கேட்டுவிட வேண்டும். இந்த ஒரு விஷயத்தில் நாங்கள் கண்டிப்பு.

கட்டணம்?

பூச்செலவைப் பகிர்ந்துகொள்வோம், அவ்வளவுதான்.

பூ எங்கே வாங்குகிறீர்கள்?

நேரு வீதிப் பக்கம் பெரிய மார்க்கெட்டில் கொஞ்சம், மீதியெல்லாம் வீட்டுத் தோட்டத்திலிருந்தும் தெரிந்தவர்கள் கொல்லையிலிருந்தும். மார்க்கெட்டில் ரோஜா, சம்பங்கி, செண்டுமல்லி, கோழிக்கொண்டை எல்லாம் கிடைக்கும். காம்போடு வேண்டும் என்றால் முதல் நாளே சொல்லி வைக்க வேண்டும். எங்களுக்குப் பூ கொடுக்கும் ஒரு அம்மா முதல்முறை கேட்டபோது நிமிர்ந்து பார்த்து, "காம்ப வச்சிக்கினு இன்னாம்மா பண்ணப் போற?" என்றார். அன்றைக்கு மூன்று கோழிக்கொண்டையைக் கடை ஓரத்திலேயே ஒரு டம்ளரில் ஒன்று நெட்டையாக, ஒன்று சாய்ந்து, ஒன்று குட்டையாக நிறுத்திக் காட்டினோம். கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு குட்டையாக இருந்ததை எடுத்து, இன்னும் ஓர் அங்குலம் கிள்ளி, திரும்ப வைத்தார். சரியாக இருந்தது. இப்போதெல்லாம் எங்களுக்கு வளைந்த காம்புகளைத் தனியாகப் பொறுக்கி, ஈரச்சாக்கில் சுற்றி வைத்திருப்பார்.

விலை உயர்ந்த வெளிநாட்டுப் பூக்கள் வேண்டுமா?

வேண்டாம். ஆர்க்கிட், லில்லி எல்லாம் அழகுதான். ஆனால் எங்கோ குளிர் அறையில் வளர்ந்த பூவை வைத்துவிட்டு 'பருவத்தைக் காட்டுகிறேன்' என்று சொல்ல முடியாது. இகெபானாவின் உயிரே பருவம். ஜப்பானுக்கு நான்கு பருவம், சகுரா, மேப்பிள் எல்லாம் அவர்களுடையவை. நமக்குச் சித்திரையில் சரக்கொன்றை, மழைக்காலத்தில் வேலி ஓரம் செங்காந்தள், தையில் ஆவாரையும் கரும்புத் தோகையும் மஞ்சள் கொத்தும். நீளமான மெல்லிய கோடு வேண்டும் என்றால் இந்தக் கரை முழுக்கச் சவுக்கு இருக்கிறது. பனங்குருத்து, சம்புக்கதிர், முருங்கைக்காய், காய்ந்த வாகை நெற்று எல்லாமே எங்களுக்குப் பொருள்தான்.

பூவரசு பற்றி மட்டும் கொஞ்சம் கூடச் சொல்ல ஆசை. பீப்பீ ஊதிய அந்த இலையைத் தவிர அதைப் பெரும்பாலும் நாம் கவனிப்பதில்லை. ஒரு வகுப்பில் எல்லோருக்கும் பூவரசங்கிளை ஒன்று மட்டும் கொடுத்தோம். காலையில் பூ எலுமிச்சை மஞ்சளில், உள்ளே கருஞ்சிவப்புக் கண்ணோடு இருந்தது. ஒருவர் வைத்ததைக் கலைக்காமல் திண்ணையிலேயே விட்டுவிட்டோம். சாயங்காலம் போய்ப் பார்த்தால் மஞ்சள் மங்கி இதழ்களில் சிவப்பு ஏறிக்கொண்டிருந்தது. மறுநாள் காலை அதே பூ ஊதா கலந்த செம்மண் நிறத்தில் சுருண்டிருக்க, பக்கத்து மொட்டு மஞ்சளாக விரிந்திருந்தது. யாரும் தொடவில்லை. ஒரே கிளை மூன்று முறை தன்னை மாற்றிக்கொண்டது. ஒரு பூ எப்போது அழகு என்று அதற்கப்புறம் எங்களில் யாரும் அவசரப்பட்டுச் சொல்வதில்லை.

என்னென்ன கருவி தேவை?

முதலில் வேண்டியது நல்ல கத்தரி. ஜப்பானியக் கத்தரிக்கு ஹசாமி என்று பெயர், கிடைத்தால் நல்லது. தோட்டத்துக் கத்தரி போதும், ஆனால் கூர்மை வேண்டும். மழுங்கிய கத்தரி காம்பை நசுக்கும், நசுங்கிய காம்பு தண்ணீர் இழுக்காது.

அடுத்து கென்ஸான். கனமான ஈயத் தட்டில் பித்தளை ஊசிகள் நெருக்கமாக நிற்கும். காம்பை அதில் குத்தி நிறுத்துவோம். இணையத்தில் வாங்கலாம். ஒன்று வாங்கினால் ஆயுசுக்கும் வரும். ஈயம் என்பதால் தொட்ட பிறகு கையைக் கழுவுங்கள், சமையலுக்கு எடுக்கும் பாத்திரத்தில் வைக்காதீர்கள். மெல்லிய காம்பு ஊசிகளுக்கு நடுவே நிற்காமல் ஆடினால், தடித்த காம்புத் துண்டு ஒன்றில் செருகி அதைக் குத்துங்கள். தடித்த கிளையைச் சாய்வாக வெட்டி, நேராகக் குத்தி, அப்புறம் வேண்டிய பக்கம் சாய்க்க வேண்டும். எடுத்த எடுப்பில் சாய்த்துக் குத்தினால் விழுந்துவிடும்.

கென்ஸான் வாங்கும்வரை வாழைத்தண்டு போதும். மூன்று விரல் கனத்துக்கு ஒரு துண்டு வெட்டித் தட்டில் வைத்து, கத்தி முனையால் துளையிட்டுக் காம்பைச் செருகினால் அப்படியே பிடித்துக்கொள்ளும். ஊதுவத்தி செருகுவதற்கு நம் வீடுகளில் எப்போதும் செய்கிற வேலைதான். ஒரு நாள், இரண்டு நாள் தாங்கும்.

பாத்திரத்துக்கு ஆழமில்லாத அகலத் தட்டு வேண்டும். ஜப்பானியத்தில் சுய்பான். நம் வீட்டில் கல்சட்டி இருக்கும், பித்தளைத் தாம்பாளம் இருக்கும், எடுங்கள். புதிதாக வாங்குவதென்றால் இந்த ஊரில் இருப்பவர்களுக்குக் கொடுப்பினை உண்டு. வில்லியனூர் சுடுமண் வேலை புவிசார் குறியீடு பெற்றது. தவிர, 1971-இல் ரே மீக்கரும் டெபோரா ஸ்மித்தும் இங்கே தொடங்கிய கோல்டன் பிரிட்ஜ் பாட்டரியிலிருந்து வளர்ந்த ஒரு பெரிய மட்பாண்டப் பரம்பரையே புதுச்சேரியைச் சுற்றி இருக்கிறது. டெபோரா ஜப்பானில் மட்பாண்டத் தொழில் பழகி வந்தவர். அதனால் இந்த ஊர்ச் சூளைகளில் வெந்த சில தட்டுகளைக் கையில் எடுத்தால், பூ வைப்பதற்கென்றே செய்த மாதிரி இருக்கும்.

பச்சை ஸ்பாஞ்ச் வைத்தால் சுலபமாயிற்றே?

சுலபம்தான், ஆனால் நாங்கள் தொடுவதில்லை. அது பிளாஸ்டிக். மட்காது, பொடிந்து சாக்கடை வழியாகக் கடைசியில் கடலுக்குத்தான் போகும்.

அளவு, கோணம் என்றெல்லாம் சொல்கிறார்களே, கணக்குத் தெரிய வேண்டுமா?

தொடக்கத்தில் ஒரு சின்னக் கணக்கு. நாங்கள் பழகுவது சோகெட்சுப் பள்ளியின் அடிப்படை முறை. மூன்று முக்கியக் கிளைகள். நீளமானதற்கு ஷின், நடுவானதற்கு சொயெ, குட்டையானதற்கு ஹிகாயெ என்று பெயர். பாத்திரத்தின் அகலத்தையும் உயரத்தையும் கூட்டி, அதில் ஒன்றரை மடங்கு எடுத்தால் ஷின். அதில் முக்கால் பங்கு சொயெ. அதிலும் முக்கால் பங்கு ஹிகாயெ.

உங்கள் தட்டு 30 செ.மீ. அகலம், 5 செ.மீ. உயரம் என்று வைத்துக்கொள்ளுங்கள். கூட்டினால் 35. ஷின் ஏறத்தாழ 52 செ.மீ., சொயெ 39, ஹிகாயெ 29. நேராக நிற்கும் கம்பிலிருந்து கணக்குப் பார்த்தால் ஷின் 15 பாகை சாயும், சொயெ 45, ஹிகாயெ 75. மூன்றும் முன்பக்கமாகச் சற்றுக் குனியும். இந்த எலும்புக்கூடு நின்றுவிட்டால், இரண்டு மூன்று சின்னக் காம்புகளால் ஊசிப்பலகையை மறைத்துவிட்டு நிறுத்திக்கொள்ளலாம்.

எதற்கு இவ்வளவு கண்டிப்பு என்று தோன்றும். கோலத்துக்குப் புள்ளி மாதிரி இது. புள்ளி வைத்துப் பழகிய கைதான் பிறகு புள்ளியில்லாமல் போடும். ஆறு மாதம் அளவுக் கோலோடு செய்தவர்கள், ஏழாவது மாதம் கண்ணாலேயே வெட்டுகிறார்கள்.

நம் வெயிலுக்கு எத்தனை நாள் தாங்கும்?

காம்பை வெட்டும் விதத்தைப் பொறுத்தது. தண்ணீருக்குள் காம்பை முக்கி, அங்கேயே இரண்டு செ.மீ. சாய்வாக வெட்டுங்கள். ஜப்பானியத்தில் மிசுகிரி. காற்றில் வெட்டினால் காம்புக் குழாய்க்குள் காற்றுக் குமிழி புகுந்து அடைத்துக்கொள்ளும், அப்புறம் எவ்வளவு தண்ணீரில் நின்றாலும் தலை தொங்கும். பால் வடியும் காம்பு என்றால் வெட்டிய நுனியைச் சில நொடி கொதிநீரில் முக்கியோ தீயில் காட்டியோ எடுக்க வேண்டும். பூவுக்கும் இலைக்கும் ஆவி படாமல் ஈரத்துணியால் மூடிக்கொள்ளுங்கள்.

தண்ணீருக்குள் மூழ்கும் இலைகளைக் கழித்துவிடுங்கள், அழுகி நாறுவது அவைதான். மின்விசிறிக்கு நேர் கீழே வைக்காதீர்கள். இப்படிப் பார்த்துக்கொண்டால் சம்பங்கி மூன்று நாலு நாள், கோழிக்கொண்டை ஒரு வாரம். செம்பருத்தி ஒரு நாள்தான், அதுவே அதன் ஆயுள். அந்த ஒரு நாளுக்காகவே அதை வைக்கலாம்.

தாமரையை வைத்து எப்படிச் செய்வது?

தாமரை எங்களைப் படுத்தாத பாடு இல்லை. ஒரு சரஸ்வதி பூஜைக்கு முதல் நாள் பத்து மொட்டு வாங்கி இரவு முழுக்கத் தண்ணீரில் நிறுத்தினோம். காலையில் ஒன்றுகூட விரியவில்லை, நான்கு கருத்துவிட்டன. பிறகுதான் விவரம் தெரிந்தது. தாமரைத் தண்டுக்குள் நீளவாட்டில் துளைகள் இருக்கின்றன, வெட்டியதும் அவற்றில் காற்று நிரம்பிவிடுகிறது. ஜப்பானில் சின்னக் கைப்பம்பால் தண்டுக்குள் தண்ணீரைப் பீச்சுகிறார்கள். நாங்கள் ஊசி கழற்றிய சிரிஞ்சை வைத்துச் செய்கிறோம். மறுமுனையில் சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் வரும்வரை பீச்ச வேண்டும். பொறுமை வேண்டும், இலைக்கும் இதையே செய்ய வேண்டும்.

இகெனோபோ பள்ளியில் தாமரையை மட்டும் வைத்து ஒரு மரபு உண்டு. கிழிந்து வாடத் தொடங்கிய இலையும் காய்ந்த விதைக்கூடும் கடந்த காலம். விரிந்த இலையும் பூவும் நிகழ்காலம். சுருண்ட இளம் இலையும் மொட்டும் எதிர்காலம். மூன்றும் ஒரே தட்டில். நாம் மொட்டை மட்டும் எடுத்துவிட்டுப் பழுத்த இலையைக் குப்பையில் போடுகிறோம். அந்தக் கிழிந்த இலையை நடுவில் நிறுத்திய நாளில் எங்கள் குழுவின் மூத்த உறுப்பினர் ஒருவர் நெடுநேரம் பேசாமல் அதன் முன்னால் உட்கார்ந்திருந்தார்.

தண்ணீர் தேங்கினால் கொசு வராதா?

வரும், விட்டால். டெங்கு கொசு முட்டையிலிருந்து பறக்கும் பருவத்துக்கு வர ஒரு வாரம், பத்து நாள் ஆகும். தினமும் தண்ணீர் மாற்றி, வாரம் ஒரு முறை பாத்திரத்தின் உள்பக்கத்தைத் தேய்த்துக் கழுவினால் பிரச்சினை இல்லை. தண்ணீர் மாற்றுவது பூவுக்கும் நல்லது.

குழந்தைகள், நாய், பூனை இருக்கும் வீட்டில் எதைத் தவிர்க்க வேண்டும்?

அரளியின் எல்லாப் பாகமும் நஞ்சு, அது நின்ற தண்ணீரும்கூட. தங்க அரளியும் அப்படியே. செங்காந்தள் தமிழ்நாட்டின் மாநில மலர், அவ்வளவு அழகு, ஆனால் கிழங்கும் விதையும் உயிரையே எடுக்கும். எருக்கம்பால் கண்ணில் பட்டால் பார்வையைக் கெடுக்கும். இவற்றை வகுப்பில் பெரியவர்கள் மட்டும் வெட்டுவோம், கையுறை போட்டுக்கொண்டு. சின்னப் பிள்ளைகள் உள்ள வீட்டில் வேண்டவே வேண்டாம்.

கிளையை எங்கே வேண்டுமானாலும் வெட்டலாமா?

கூடாது. பாரதி பூங்காவிலும் தாவரவியல் பூங்காவிலும் ஓர் இலையைக்கூடக் கிள்ளுவதில்லை, கீழே விழுந்ததைக் கேட்டு எடுப்போம். நாகலிங்கப் பூ புதுச்சேரியின் மாநில மலர். அதையும் உதிர்ந்ததைத்தான் எடுக்கிறோம். ஊசுட்டேரி பறவைகள் சரணாலயம், அங்கே சம்புக்கோ அல்லிக்கோ போகவே கூடாது.

கடற்கரை அடம்பு பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். வீராம்பட்டினம் பக்கம் மணலில் படர்ந்து, காலையில் இளஞ்சிவப்பாகப் புனல் மாதிரி பூத்து, வெயில் ஏறியதும் சுருங்கிவிடும். கடல் மணலை அரிக்காமல் பிடித்து வைத்திருப்பது அந்தக் கொடிதான், அதனால் பிடுங்கவே மாட்டோம். வருடத்துக்கு ஒரு முறை, ஆளுக்கு ஒரு சிறு நுனி மட்டும் கத்தரித்துக்கொள்வோம்.

அந்த நாளில் ஒரு கதை சொல்வது எங்கள் வழக்கம். 16-ஆம் நூற்றாண்டில் சென் நோ ரிக்யூ என்று ஒரு தேநீர் ஆசான் இருந்தார். அவர் தோட்டத்தில் அசகாவோ கொடி நிறையப் பூத்திருப்பதைக் கேள்விப்பட்டு, நாட்டை ஆண்ட ஹிதேயோஷி காலையில் பார்க்க வந்தார். வந்தால் தோட்டத்தில் ஒரு பூகூட இல்லை, எல்லாவற்றையும் வெட்டியிருந்தார்கள். கோபத்தோடு தேநீர் அறைக்குள் நுழைந்தால், அங்கே ஒரே ஒரு பூ. அந்த அசகாவோவும் நம் அடம்பும் ஒரே தாவரப் பேரினம். கதையைக் கேட்டுவிட்டு, விரியத் தொடங்கிய ஒரு அடம்புப் பூவை மண்குடுவையில் வைத்துப் பார்க்கும்போது, அது எங்கோ நடந்த கதையாகத் தோன்றுவதில்லை.

நீங்கள் எந்தப் பள்ளி? சான்றிதழ் கிடைக்குமா?

எங்களிடம் கிடைக்காது. பெரிய பள்ளிகள் மூன்று. இகெனோபோ பற்றி மேலே சொன்னோம். ஓஹாரா 19-ஆம் நூற்றாண்டின் கடைசியில் தொடங்கியது, அகலத் தட்டில் வைக்கும் மொரிபானா முறை அதன் நிறுவனர் ஓஹாரா உன்ஷின் தந்தது. சோகெட்சுப் பள்ளியை 1927-இல் சோஃபு தெஷிகஹாரா தொடங்கினார். யாரும், எங்கேயும், எப்போதும், எந்தப் பொருளாலும் செய்யலாம் என்பது அவர்கள் கொள்கை. எங்களுக்கு அது பிடித்திருக்கிறது. சான்றிதழ் வேண்டுமானால் அந்தந்தப் பள்ளியில் தகுதி பெற்ற ஆசிரியரிடம் படிக்க வேண்டும். சென்னையில் அப்படிப்பட்டவர்கள் இருக்கிறார்கள்.

அரவிந்தர் ஆசிரமத்தோடு உங்களுக்குத் தொடர்பு உண்டா?

அமைப்பாக எந்தத் தொடர்பும் இல்லை. ஆனால் இந்த ஊரில் பூவைப் பற்றிப் பேசினால் ஆசிரமம் வராமல் போகாது. ஸ்ரீ அன்னை 1916 முதல் 1920 வரை ஜப்பானில் வாழ்ந்தவர், அங்கிருந்துதான் 1920 ஏப்ரலில் புதுச்சேரிக்குத் திரும்பி வந்தார். ஏறத்தாழ 900 பூக்களுக்கு ஒவ்வொன்றாக அர்த்தம் சொன்னவர். சமாதியில் தினமும் நடக்கும் மலர் அலங்காரத்தை எங்கள் புது உறுப்பினர்கள் ஒருமுறையாவது போய் அமைதியாகப் பார்த்துவிட்டு வர வேண்டும் என்று சொல்வோம். அது இகெபானா முறை கிடையாது. ஆனால் பூவை எவ்வளவு மெதுவாகத் தொடலாம் என்பதை அங்கே பார்க்கலாம்.

பூஜை அறையில் வைக்கலாமா?

தாராளமாக. தொடங்கியதே சந்நிதியில்தான். முகர்ந்து பார்க்காத பூவாக இருக்க வேண்டும் என்று உங்கள் வீட்டில் வழக்கம் இருந்தால் வகுப்பில் முன்பே சொல்லுங்கள், தனியாக எடுத்து வைப்போம்.

ஆண்கள் சேரலாமா?

சேரலாம், இருக்கிறார்கள். ஜப்பானில் பல நூற்றாண்டுகள் இதைத் துறவிகளும் சாமுராய்களும்தான் பெரும்பாலும் செய்தார்கள். பெண்கள் பெரிய அளவில் வந்தது பிற்பாடுதான்.

கண்காட்சி நடத்துகிறீர்களா?

பெரிதாக இல்லை. தை மாதம் திண்ணையிலேயே ஒரு நாள் வைப்போம், தெருக்காரர்கள் வந்து பார்ப்பார்கள். ஒருமுறை ஒரு மண்டபத்தில் இடம் கொடுத்தார்கள். நாங்கள் சாப்பிடப் போன நேரத்தில் மின்விசிறியை முழு வேகத்தில் வைத்துவிட்டார்கள், ஐந்து தட்டு சாய்ந்துவிட்டது. அதிலிருந்து திண்ணைதான்.

நாங்கள் மறக்காத வகுப்பு ஒன்று உண்டு. 2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தது. ஒரே நாளில் 45 செ.மீ.க்கு மேல் மழை. தெருக்களில் படகு விட்டார்கள். டிசம்பர் வகுப்பை நிறுத்திவிடலாம் என்றுதான் நினைத்தோம். வீட்டுக்குள் தண்ணீர் புகுந்து எல்லாவற்றையும் வெயிலில் காயப்போட்டிருந்த ஓர் அக்கா, "கெளையெல்லாம் தெருவுல கெடக்குதே, அத வச்சிப் பண்ணலாம்" என்றார். வேம்பு, புங்கை, வாகை என்று விழுந்ததை மட்டும் எடுத்தோம், புதிதாக ஒன்றும் வெட்டவில்லை. அந்த அக்கா எடுத்தது நடுவில் முறிந்த வேப்பங்கிளை. பட்டை உரிந்து உள்ளே வெள்ளை மரம் நார் நாராகத் தெரிந்தது. வழக்கமாக முறிந்த இடத்தைச் சீவிச் சுத்தம் செய்வோம். அவர் சீவாமல், அதை முன்பக்கமாகத் திருப்பி நிறுத்தினார். அடியில் ஒரே ஒரு நந்தியாவட்டை. யாரும் குறை சொல்லவில்லை.

கடலூரிலிருந்து வருவது சாத்தியமா?

மூன்று பேர் வருகிறார்கள், பஸ்ஸில் ஒரு மணி நேரத்துக்குள் வந்துவிடலாம். அதில் ஒருவர் 2011 டிசம்பர் 30 தானே புயலில் சாய்ந்த முந்திரி மரத்தின் வேர்க்கட்டை ஒன்றைப் பத்திரமாக வைத்திருக்கிறார். வருடா வருடம் அந்தத் தேதியை ஒட்டி அதைக் கொண்டுவந்து, ஏதாவது ஒரு பச்சைத் தளிரோடு வைப்பார். நீங்களும் வாருங்கள். உங்கள் ஊர்ப் பாடலீஸ்வரர் கோயிலின் தலமரம் பாதிரி. யார் வீட்டிலாவது பாதிரி பூத்தால் எங்களுக்குச் சொல்லுங்கள், நாங்களே பஸ் ஏறி வருகிறோம்.

முதல் நாள் என்ன கொண்டுவர வேண்டும்?

ஒரு கத்தரி, ஒரு பழைய துண்டு, வீட்டில் உள்ள ஏதாவது ஒரு அகலத் தட்டு. அப்புறம், வருகிற வழியில் கண்ணில் பட்ட ஒரு கிளை, உடைமைக்காரரிடம் கேட்டு வாங்கியது. பூ இல்லாவிட்டாலும் பரவாயில்லை. காம்பு நீளமாக இருக்கட்டும்.